அமுதாவின் மூன்று டாம்கள்

ட்ரம் செட்டுக்குத் தோல் மாற்றிச் சுருதி சேர்க்கிற என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வாயால்தான் வாசித்துக் காட்டுவார்கள். இப்போது ‘டப்’ என்கிறது, எனக்கு ‘டூம்ம்’ என்று வேண்டும் என்பார்கள். நீங்கள் தையல்காரராகவோ முடி வெட்டுகிறவராகவோ இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். நம்மிடம் வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் வராது. போன மாதம் மந்தைவெளியில் என் கடையில் ஒரே வாரத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

தையல் டேப்

அமுதா ஊரூர் குப்பத்துப் பெண். ஒரு மெல்லிசைக் குழுவில் நான்கு வருஷமாக ட்ரம்ஸ் வாசிக்கிறாள். திங்கட்கிழமை நான் கடை திறக்க வரும்போதே படியில் உட்கார்ந்திருந்தாள். குழுவை நடத்துகிற பாஸ்கர் மாஸ்டர் எலெக்ட்ரானிக் பேடு ஒன்று வாங்கிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அங்கேயும் செட்டில் டாம் என்கிற மூன்று மேளங்களும் தகர டப்பா மாதிரி கேட்டால் அடுத்த கச்சேரியிலிருந்து பேடுதான். அதைக் கீபோர்டுக்காரரே இரண்டு விரலால் தட்டிக்கொள்வாராம். அமுதா வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

டாமைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றேன். முடியாதாம். செட் மாஸ்டருடையது, அடையாறில் அவர் வீட்டை விட்டுக் கச்சேரிக்கு மட்டும்தான் வெளியே வரும். அதனால் தையல் டேப்பால் அளந்து சீட்டில் எழுதி வந்திருந்தாள். பதிமூன்று, பதினான்கு, பதினேழு அங்குலம். பதினேழில் டாம் செய்கிற கம்பெனியை நான் இதுவரை கண்டதில்லை. தோலை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையத்தையும் சேர்த்து அளந்திருக்கிறாள் என்று புரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் குறைத்து எடுத்து வைத்தேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

“இன்னாண்ணா நீ, ஜாக்கெட்டுக்கே ஒரு இஞ்சு கூட வுட்டுத்தான் தைப்பாங்கோ, நீ கொறைச்சுக்கினு கீற.”

போனில் டூம்

தோல் என்று சொல்வது பழக்கதோஷம். இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தான். ஒற்றையாக இருப்பது கணீரென்று நீண்டு ஒலிக்கும். இரண்டு தாள் சேர்ந்தது குறுகி, கனத்து ஒலிக்கும். அமுதாவுக்கு இரட்டையைக் கொடுத்தேன். முதலில் வளையத்தின் எல்லாத் திருகையும் விரலால் முறுக்கு. பிறகு திருகுச் சாவி போட்டு எதிரெதிர்த் திருகாக அரைச் சுற்று. ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் தட்டிப் பார், எல்லா இடத்திலும் ஒரே ஒலி வர வேண்டும் என்று பாடம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் போன். மாட்டிவிட்டாளாம், ஆனால் தேறவில்லையாம். போனை டாம் பக்கத்தில் வைத்து அடித்துக் காட்டினாள். போன் வழியாக இடியே விழுந்தாலும் டக்கென்றுதான் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. இருபது நிமிஷம் கேட்டேன், டக், டக், டக். கடைசியில் மேல் தோலை விடு, அடித்தோல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் மேல் தோலை நாலு தடவை மாற்றுவார்கள், அடித்தோலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“அது புச்சாட்டம் பளபளன்னு கீதுண்ணா, அத்துல ஒரு கோளாறும் இல்ல.”

ரவை

புதன்கிழமை கடைக்கு ரகு வந்தார். அதே குழுவில் தபலா வாசிக்கிறவர். மயிலாப்பூரில் மிருதங்கம் வாசிக்கிற குடும்பம். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள், ஒலி கனத்துக் கீழே இறங்கும். அமுதா கண் கலங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நல்ல மனசோடு அரைக் கிலோ ரவையைப் பிசைந்து மூன்று டாமிலும் அப்பிவிட்டாராம்.

கோபப்பட வேண்டியவன் நான். ஆனால் ஆசையாகத்தான் கேட்டேன், ஒலி எப்படி வந்தது என்று. முந்தின நாள் ஒத்திகையில் முதல் பாட்டு வரைக்கும் பிரமாதமாம். மிருதங்கத்தை உள்ளங்கையால் வாசிப்பார்கள். அமுதா வைத்திருப்பதோ குச்சி. இரண்டாவது பாட்டில் ரவை தெறித்துக் கீபோர்டு முழுக்க உப்புமா. மறுநாள் காலையில் டாமைச் சுற்றி எறும்பு ஊர்வலம். மாஸ்டர் பேடின் அட்டைப் பெட்டியைப் பிரித்துவிட்டார் என்பதுதான் அவர் கொண்டு வந்த செய்தி. ரகு முகத்தில் வருத்தம் இருந்தது, தோல்வி இல்லை.

“ரவை மேல தப்பே இல்ல சார், எங்காத்துல ரெண்டு தலைமுறையா ஒட்டிண்டிருக்கோம், ஒரு எறும்பு எட்டிப் பாத்தது கிடையாது.”

அடியில் இருந்தவர்

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு, திருகுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அடையாறுக்கே போனேன். மாஸ்டர் நல்ல மனிதர், உட்காரும் முன்பே காபி வந்தது. ரவையைத் துடைத்து, மேல் தோலைச் சரியாக இழுத்துக் கட்டினேன். அடித்தால் ஈரக் கோணியைத் தட்டின மாதிரி இருக்கிறது. குனிந்து அடியில் பார்த்தேன்.

மூன்று அடித்தோலையும் முழுக்க மூடிக் கெட்டியான ஸ்டிக்கர், பளபளவென்று. முதல் டாமில் மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார், கீழே பெயர். இரண்டாவதில் குழுவின் பெயர். சாய்த்து மாட்டினால் சபையைப் பார்க்கும், அது நியாயம். தரையைப் பார்த்து நிற்கிற பெரிய டாமில் கைப்பேசி எண். அதைப் படிக்க அந்த எறும்புகளால்தான் முடியும். மேல் தோலை அடித்தால் அடித்தோல் அதிர்ந்து பதில் சொல்ல வேண்டும், அப்போதுதான் டாம் நிறைந்து ஒலிக்கும். இங்கே அது கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

பக்கத்தில் நின்ற அமுதாவைப் பார்த்தேன். அவளுக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது. சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். உங்கள் முகம்தான் ஒலியைக் கெடுக்கிறது என்று மாஸ்டரிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வரை போக வேண்டாம், அன்றைக்கே அவளுக்குக் கணக்கு முடிந்துவிடும். எனக்கும் தைரியம் இல்லை. யாரும் பார்க்காத அந்தப் பெரிய டாமின் எண்ணை மட்டும் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். உரித்தேன், பசையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன், அடித்தோலை மேல் தோலைவிட ஒரு பிடி கூட்டிக் கட்டினேன்.

அமுதா அடித்தாள். அப்பா, என்ன ஒலி. அலமாரியில் இருந்த டம்ளர்கள் கூடவே முனகின. இருபது வருஷமாக இதே வேலைதான். அந்த ஒலி வரும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வரிசையாக மூன்றையும் அடிக்கச் சொன்னேன். டப், டப், டூம்ம்ம். மாஸ்டர் இன்னொரு தடவை என்றார். பிறகு இன்னொரு தடவை. எழுந்து வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் படத்தின் ஓரத்தில் கட்டை விரல் நகத்தை வைத்தார். நான் உதவப் போனேன்.

“நீங்க கை வெக்காதீங்க, என் மூஞ்சியை நானே உரிச்சாத்தான் கிழியாம வரும்.”

ரிசப்ஷன்

ஞாயிற்றுக்கிழமை அழைப்பே இல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டில் அமுதா மூன்று டாமிலும் உருட்டி இறக்கினாள். பந்திக்குக் கிளம்பிய நாலு பேர் அப்படியே திரும்பி உட்கார்ந்தார்கள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், அது நான் கட்டியது என்று சொல்லியே விட்டேன். அவர் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

கச்சேரி முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் சித்தப்பா மேடைக்கு வந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். தை மாதம் தன் மகன் கல்யாணத்துக்கு நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்றார். மாஸ்டர் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. ட்ரம்ஸ் அடிச்ச அந்தப் பிள்ளை வரும்லா, அதை மட்டும் சொல்லுங்க என்று கேட்டார். இரண்டடி தள்ளி டாமைக் கழற்றிக்கொண்டிருந்த அமுதாவின் கை அப்படியே நின்றது. மாஸ்டர் அவள் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார்.

“அவ இல்லாம நாங்க எந்தக் கச்சேரிக்கும் போறதில்ல சார்.”

எத்தனை திருகு இருந்தாலும் டாமுக்குச் சுருதி சேர்த்துவிடலாம், ஐயா. மனிதருக்கு எந்தத் திருகு என்று தெரிகிற வரைக்கும் பேசாமல் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான பாகம்.