குமிழி நிற்கும்வரை

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் நான் ரசாயனம் கற்பித்த பள்ளியின் அட்டெண்டர், முன்பு சங்கு குளிக்கும் தோணியில், கடலில் மூழ்குபவரை மேலே இழுக்கக் கயிறு பிடித்தவர். உள்ளங்கை முழுக்கக் கயிற்றுத் தழும்பு. வகுப்பு முடிந்ததும் கண்ணாடிக் குவளையில் மிஞ்சிய ஆசிட்டில் ஒரு சங்குத் துண்டைப் போட்டு, எழும் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"சங்குல உள்ள சுண்ணாம்பை ஆசிட் கரைக்குது அண்ணாச்சி. கரியமில வாயு வருது" என்றேன் ஒருநாள்.

"நாம விடுத மூச்சிலயும் அதுதானா சார்?"

"அதுவும் உண்டு."

குவளையை நோக்கிக் குனிந்தார்.

"என் தம்பி கடைசியா கடலுக்குள்ள கீழ போனப்பவும் குமிழி வந்துகிட்டேதான் இருந்திச்சு. சங்கு பொறுக்குதான்னு நெனச்சி, நான் கயித்த இழுக்கல."

குவளையில் குமிழி நின்றது. அவருடைய இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து, இல்லாத கயிற்றை இழுக்கத் தொடங்கின. அவர் இழுத்து முடிக்கும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.