ஒரு கடலையின் சூடு

பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஊசியில் குத்திய நிலக்கடலையைக் கொளுத்தி, தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய்க்கு அடியில் பிடித்தோம்.

"ஒரே கடலைக்கு எட்டு டிகிரி ஏறிருச்சு லா, டீச்சர்!" என்றாள் ஒரு மாணவி.

அந்தக் கருகல் வாசனை என்னை லாபு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கு இழுத்துப் போனது. ஜப்பான்காரன் காலம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா விதைக்கென்று முடிந்து வைத்திருந்த கடலையை, அவள் வேலைக்குப் போனதும் எடுத்து வறுத்தேன். எனக்கு ஒன்பது வயது. வாசனை பிடித்து, ஐந்து வயதுத் தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, கடலையா?"

"இல்லடா, ரப்பர் கொட்டை. தின்னா செத்துப் போயிருவே."

மென்றுகொண்டேதான் சொன்னேன். ரப்பர் கொட்டை நஞ்சு என்பது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அவன் அழுதுகொண்டே உள்ளே ஓடி, அம்மா அவனுக்கென்று வைத்துவிட்டுப் போன மரவள்ளிக்கிழங்குத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அதத் துப்பிரு, அக்கா. பசிச்சா இதத் தின்னு. செத்துராத."

"டீச்சர், எட்டுன்னே எழுதிக்கவா?"

"எழுதிக்கோ," என்றேன். அந்தக் கிழங்கையும் வாங்கித் தின்றவள் நான்.