புரோட்டான் சாகும்வரை

என் மகன் இரும்புக்குக் காவல் இருக்கிறான். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். கர்நாடக எல்லையைத் தாண்டினால் ஒரு பழைய தங்கச் சுரங்கம். அதன் அடியாழத்தில் இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே கம்பி ஓடும் குழாய்களைச் சொருகி வைத்திருக்கிறார்கள். அந்த இரும்புக்குள் கோடானுகோடி புரோட்டான்கள். அவற்றில் ஒன்று என்றைக்காவது தானாகச் சிதைந்து சாகுமா என்று பார்ப்பதுதான் வேலை. மேலே இருந்தால் வானத்திலிருந்து விழும் துகள்கள் கருவியைக் குழப்புமாம். அதனால் பாதாளத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள்.

நான் பாலக்கோட்டில் பள்ளி ஆசிரியை. எனக்கு இதை அவன் பலமுறை விளக்கினான். புரிந்தது. புரிந்ததால்தான் மரியாதை வரவில்லை.

தக்காளி மண்டி வைத்திருக்கும் என் தம்பிக்கு ஒரே கேலி. "ஏக்கா, எங்கிட்ட ரெண்டு நாள்ல தக்காளி செத்துப்போவுது. அத உக்காந்து பாக்க எவனாச்சும் சம்பளம் குடுக்கறானா?" என்பான். மகன் ஊருக்கு வந்தால், "மாப்ள, செத்துச்சுன்னா எழவு சொல்லி உடுங்க, வந்துடறோம்" என்று சீண்டுவான். மகன் சிரிப்பான். ஒருமுறை கருவியில் சில கோடுகள் பதிவாயின. அது புரோட்டானின் சாவுதான் என்று இவர்கள் குதித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கட்டுரை, மறுப்பு, மறுப்புக்கு ஒரு கட்டுரை. என் பிள்ளையின் இளமை இதில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலைச் செய்தியில், அந்தச் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிலர் இறந்ததாக வானொலி சொன்னது. பெயர் சொல்லவில்லை. நானும் தம்பியும் கிருஷ்ணகிரி போய், பஸ் மாறி ஓடினோம். வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டினேன். 'அருள் நிறைந்த மரியே' என்பதற்கு மேல் வாய் ஓடவில்லை.

சுரங்க வாசலில் மகனுடைய மேலதிகாரி நின்றிருந்தார். பம்பாயிலிருந்து வந்த பெரிய விஞ்ஞானி. தமிழர்தான்.

"சார், உள்ள எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"கவலப்படாதீங்கம்மா, டிடெக்டருக்கு ஒண்ணும் ஆகல. ஒரு குழாய்கூட ஒடையல."

தம்பி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "யோவ், எங்க பையன கேக்கறோம்யா!"

"ஓ, அவரா? நல்லாத்தான் இருக்கார். வெடிச்சது வேற லெவல்ல, வேற ஆழத்துல."

சற்றுத் தள்ளி, இறந்த தொழிலாளிகளின் வீட்டுப் பெண்கள் தரையில் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் விஞ்ஞானி தேநீர் குடிக்கப் போனார். ஒரு துகளின் சாவுக்கு ஆண்டுக்கணக்கில் கண் விழிப்பவர்களுக்கு, பக்கத்தில் நடந்த சாவு வேறு லெவல்.

மகனை அன்றே வீட்டுக்கு இழுத்து வந்தோம். தருமபுரியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்குத் தம்பி பேசி வைத்திருந்தான். திங்கட்கிழமை நேர்காணல். கையைக் காலைப் பிடித்துப் போகச் சம்மதிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோறு போடும்போது கேட்டேன்.

"அது கடைசி வரைக்கும் சாவலன்னா என்னடா பண்ணுவீங்க?"

"இவ்ளோ நாள் பாத்தும் சாவலன்னு எழுதுவோம்மா."

"அதுக்கு ஒரு ஜென்மமா?"

"யாராச்சும் பாத்தாதான தெரியும்."

"அந்த யாராச்சும் எதுக்குடா என் வயித்துல பொறந்தவனா இருக்கணும்?"

அவன் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். தருமபுரி பஸ் வந்தது. வழியனுப்ப வந்த நானும், கூடப் போகவிருந்த தம்பியும் ஏறி இடம் பிடித்தோம். அவன் ஏறவில்லை. நாங்கள் இறங்கி வருவதற்குள் எதிர்ப்பக்கம் நின்ற கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான்.

"ஷிஃப்டுக்கு ஆள் இல்லம்மா" என்றான், ஜன்னல் வழியாக. அழுதிருப்பான் போல.

பஸ் போய்விட்டது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏக்கா, காலேஜ்ல இப்ப நான் என்னன்னு சொல்றது?"

"அவனுக்கு ஏற்கெனவே ஒரு வேல இருக்குதாம், அத உட மாட்டானாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டதால் பள்ளிக்கு நடந்தேன்.