சகாயம் வரையாத படம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரத்தில் எங்கள் ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது சகாயத்தின் மனைவி ஸ்டெல்லா அழைத்தாள். "அண்ணா, அவுங்க போய்ட்டாங்கண்ணா. பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப நெஞ்ச புடிச்சிக்கிட்டு ஒக்காந்தாங்க, அவ்ளோதான்." கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் என் நண்பன் சகாயத்தை ஏற்றிவரும் பேருந்து அன்றும் வந்திருக்கும். அவன் வரவில்லை. முந்தைய நாள் மாலை அவன் அணைத்துவிட்டுப் போன உலை உள்ளே இன்னும் ஆறிக்கொண்டிருந்தது.

அவனோடு பழகிய உங்களில் பலர், "சகாயம் அங்க என்னதான் பண்றாரு?" என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தலைமுடியைவிட மெல்லிய உலோகக் கம்பிகளோடுதான் எங்கள் பாடு. உருகிய உலோகத்தைச் சட்டென்று குளிர்வித்து இழுப்பதால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் உறைந்துவிடும். இறுக்கமும் உள்ளேயே தங்கிவிடும். இதமாகச் சூடேற்றினால் அது தளரும். அப்போது கம்பியின் காந்தப் பகுதிகள் எப்படி மாறுகின்றன என்பதே எங்கள் கேள்வி. நுண்ணோக்கியில் அவை வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால் பட்டைகள் அகலமாகும் என்றான் சகாயம். நான் நம்பவில்லை.

ஒருமுறை பொறுமையிழந்து இருவருமாகச் சூட்டைக் கூட்டினோம். இடுக்கியால் தொட்டதும் கம்பி சேமியாபோல் ஒடிந்தது. "வறுத்துட்டம் மச்சான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாணவர்கள் உள்ளே வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, "சார், அடுத்தத வைக்கலாமா?" என்றான்.

மங்கலான படத்தில் கண் ஏமாறும் என்பதால் அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். நாங்கள் தனித்தனியாகப் பார்ப்போம், பேசாமல் ஆளுக்கொரு தாளில் பென்சிலால் வரைவோம், பிறகுதான் ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போனால் எனக்கு நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால்தான் அவனுக்கு உற்சாகம். "நீ பாக்கணும்னு ஆசப்பட்டத பாத்துருக்க. இன்னொருவாட்டி பாரு" என்பான். எரிச்சலாக வரும். இன்று அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன்.

கடலூரில் அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் உலையைத் திறந்தேன். குறைந்த சூட்டில் அவன் நெடுநேரம் வைத்திருந்த கம்பி ஒடியவில்லை. நுண்ணோக்கியில் வைத்தேன். பட்டைகள் அகலமாக, ஒழுங்காக நின்றன, அவன் சொன்னபடியே. கண்ணைத் துடைத்துத் துடைத்து வரைந்து முடித்தேன். பிறகு பழக்கதோஷத்தில் என் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் வரையட்டும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "சகாயம் சார் சொன்னதுதான் சரி" என்கிறார்கள். என்னால்தான் சொல்ல முடியவில்லை. அவன் ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுப் பார்த்த முதல் படம் அது. அவன் எனக்கு விட்டுப்போனது இந்தச் சந்தேகத்தைத்தான். இன்னொருவாட்டி பார் என்று சொல்லத்தான் அவன் இல்லை.