சிவந்துபோன மத்தியானம்

யுத்தம் முடிந்த சமயம், ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். ஆண்டு விழாவுக்கு மேடைப் படுதா எழுதச் சொன்னார் பெரிய டீச்சர். வேலூர் லாங் பஜார் வரை போய் அலைந்தேன். பெயிண்ட் பொடி கிடைக்கவில்லை. "எல்லா நிறத்தையும் எங்க வீட்டுத் தோட்டத்திலேயே எடுத்துடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கொடிப்பசலைப் பழத்தைப் பிழிந்தால் அன்றைக்கு நல்ல ஊதா, மறுநாள் சாணி நிறம். அவரை இலைப் பச்சை காய்ந்ததும் காணாமல் போனது. கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு எடுத்த கறுப்பு ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. அதையும் புடவையில் கொட்டிக்கொண்டேன். தோல் கிடங்கில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் நாத்தத்தோட வர்றேன்னு பாத்தா, நீ எனக்கு மேல இருக்கே."

எப்படியோ முடித்தேன். உச்சிவெயிலில் நெல்வயல், மேலே, கொல்லையில் விளைந்த மஞ்சளை அரைத்துத் தீட்டிய சூரியன். மேடையில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் போனால் சூரியன் ரத்தச் சிவப்பு. பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மா அழுதுகொண்டு நின்றாள்.

"சுருக்கம் போவட்டும்னு கெணத்துத் தண்ணி தெளிச்சேன் டீச்சர். இன்னா இது, இப்டி ஆய்டுச்சே!"

அந்தக் கிணற்றுக்கு அடுத்த சுவர் தோல் ஷாப். தோலை ஊறப்போடுகிற அவர்களுடைய சுண்ணாம்புத் தொட்டி கசிந்து கசிந்து, அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி என்பது எனக்குத் தெரியாதா? யாரைத் திட்டுவது? விருந்தாளிக்குச் சர்பத் போட வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன். புளிப்பு பட்ட இடமெல்லாம் பழையபடி மஞ்சளாயிற்று. பாதிச் சூரியன் முடிவதற்குள் பெரிய டீச்சர் ஓடி வந்தார்.

"ஏம்மா அழிக்கிறீங்க? அஸ்தமனம் எவ்ளோ அழகா இருக்கு!"

"அது அஸ்தமனம் இல்லீங்க. மத்தியானம்."

"மத்தியானம் யாருக்கு வேணும்? பழத்தைக் குடுங்க, சர்பத்துக்குப் பத்தாது."

பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாகவே படுதா தொங்கியது. விழாவுக்கு வந்த பெரியவர் மேடையில் என்னைக் கூப்பிட்டு, சூரிய கிரகணத்தை இவ்வளவு தத்ரூபமாக யாரும் எழுதித் தாம் பார்த்ததில்லை என்று மாலை போட்டார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த வருஷம் கடையில் பெயிண்ட் பொடி வந்துவிட்டது. ஆசையோடு போய்ச் சொன்னேன். பெரிய டீச்சர் முகம் சுளித்தார்.

"கடைப் பொடி எதுக்கும்மா? தோட்டத்துலயே பண்ணுங்க. அதே மாதிரி கிரகணம் ஒண்ணு."