மூலையில் பெயர் இல்லாத பெனர்

நம் விளம்பர அலுவலக நண்பர்களுக்கு,

இந்த இரவு நேரத்தில் உங்கள் போன்களை அலற வைப்பதற்கு மன்னிக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல். இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் நெற்றியில் ஒரு கை, போனில் ஒரு கை.

அன்று விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்த கணவர்தான் சொன்னார்: "உங்கட நஸீமா ராத்தா மௌத்தாம்." அவர் இறந்துவிட்டார் என்பதை நான் நம்பவில்லை. புத்தளத்தில் எந்தச் செய்தியையும் முதலில் வெளியே விடுகிறவர் ராத்தா. தன் செய்தியை இன்னொருவர் வாயால் வர விட்டிருப்பாரா?

நாட்டில் சண்டை முடிந்து கண்டக்குழிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலத்தில் இரண்டு விடுதிக்காரரை அவர் மடக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மற்றவர் நம்மிடம் விளம்பரம் கொடுத்துவிட்டார் என்று இருவரிடமும் தனித்தனியே சொன்னார். இருவரும் ஓடிவந்து கையெழுத்திட்டார்கள். பிறகு ஒரு கலியாண வீட்டில் இருவரும் சந்தித்துக் கதைத்து, கோபத்தோடு படியேறி வந்தார்கள். ராத்தா கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "ரெண்டு பேர்ட அறையும் நிரம்பினதா இல்லையா? அதச் செல்லுங்க முதல்ல." வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது நம் பெரிய வாடிக்கையாளர் சீமெந்து ஹாஜியார் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள இடையில நிண்டுட்டா எங்கட வேல என்னாகும்?" என்றார். ராத்தா முகம் மாறாமல், "அது புள்ள இல்ல ஹாஜியார், வட்டிலாப்பம் திண்ட வயிறு. இவ வாயக் கட்டமாட்டா" என்றார். ஹாஜியார் நம்பினாரோ இல்லையோ, வேலை எனக்கு வந்தது. எனக்காக இவ்வளவு துணிந்து யாரும் பொய் சொன்னதில்லை.

மௌத்து பெனரும் அவர் கண்டுபிடிப்புத்தான். ஊரில் பெரிய மனிதர் காலமானால், ஜனாஸா வீட்டை விட்டுப் புறப்படுமுன் அனுதாப பெனர் சந்தியில் தொங்கும். கீழ் மூலையில் ஒரு வாடிக்கையாளரின் பெயர். நான் முகம் சுளித்தபோது, "அழுறவனும் வீடு கட்டத்தான் போறான் புள்ள" என்றார்.

ஏழாம் நாள் கத்தம் ஓதும்போது ராத்தாவுக்கும் பெனர் போட வேண்டும், மூலையில் சீமெந்துப் பெயர் வர வேண்டும், இல்லாவிட்டால் ஹாஜியார் கொழும்பு நிறுவனத்திடம் போய்விடுவார் என்று நம் அலுவலகத்து ரிஸ்வான் நானா என்னிடம் வாசகம் கேட்டிருக்கிறார். நானாவில் பிழை இல்லை. ராத்தாவாக இருந்தால் எழுத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருப்பார்.

ஆனால் இன்று பின்னேரம் ராத்தாவின் மகள் ஸஹ்ரா எனக்குப் போன் எடுத்தாள். "சாச்சி, உம்மாட பேருக்குக் கீழ சீமெந்துப் பேரு வராதே?"

"வராது மகள்" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

வாசகம் இதுதான்: "நஸீமா. இந்த ஊரை வாசிக்க வைத்தவர்." கீழே ஒன்றும் இல்லை. காலையில் நானே ஹாஜியாரிடம் போகிறேன். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து, கண் இமைக்காமல், வேறு வழியில்லை என்று சொல்லும் அந்த நெஞ்சுரம், அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அவர் அதைப் பொய்க்கும் பயன்படுத்தினார். நான் இதற்குப் பயன்படுத்துகிறேன். ஹாஜியார் போனால் நம் எல்லோருக்கும் அடிதான், எனக்கும் பயம்தான்.

அச்சகம் திறக்குமுன் உங்கள் முடிவு தெரிய வேண்டும். சீமெந்துப் பெயர் இல்லாமல் அச்சிட ஓமா, இல்லையா? கெதியாகப் பதில் போடுங்கள்.