ஆற்று வளைவில் கண் மூடும் ஜி.பி.எஸ்.

நஸ்தாசியா வாயை மூடி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவாள் என்று அவள் புருஷனே சொல்வான். வடகோடிப் பனிநாட்டில், குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் மீன் காயப்போடும் கொட்டகையில் பிறந்தவள். அப்பா நாய்வண்டி ஓட்டிப்போன ஊர்களுக்கெல்லாம் மகள் விமானம் ஓட்டினாள். பெத்தேல் ஊரில் எங்கள் விமானக் கம்பெனியின் விமானிகளில் அந்த மண்ணில் பிறந்தவள் அவள் ஒருத்திதான். நான் அங்கே மெக்கானிக். விறைத்த விரலால் போல்ட் கழற்றுகிறவனுக்கு எவ்வளவு பொறுமை இருக்குமோ, அவ்வளவுதான் எனக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பழைய விமானங்களுக்கெல்லாம் வழிகாட்டும் ஜி.பி.எஸ். மாட்டினார்கள். நஸ்தாசியா ஓட்டிய சிவப்பு விமானத்துக்கும் ஆங்கரேஜில் ஏதோ ஒரு பட்டறையில் மாட்டி அனுப்பினார்கள். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. அந்தக் கருவி வந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. நஸ்தாசியாவுக்கு மட்டும் அது தலைவலியாகிவிட்டது.

அவள் நன்வார்பக் கிராமத்துக்குத் தபாலும் சாமானும் கொண்டுபோவாள். ஊருக்கு முன்னால் ஆறு ஒரு பெரிய வளைவு வளையும். அந்த இடம் வந்தால் ஜி.பி.எஸ். செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானே உயிர் பிழைத்துக்கொள்ளும். ராணுவம் அங்கே என்னவோ புதைத்து வைத்திருக்கிறது என்று வசீலி அடித்துச் சொன்னார். வசீலி அவளுக்குத் தாய்மாமன். நன்வார்பக்கில் எங்கள் கம்பெனி ஏஜென்ட். விமானம் வந்தால் பனிவண்டியில் சறுக்குப்பலகையைக் கட்டி இழுத்து வந்து சாமானை இறக்கிப்போவது அவர் வேலை.

ஆனால் அதே விமானத்தை அதே வளைவின் மேல் மற்றவர்கள் ஓட்டினால் ஒன்றும் ஆகவில்லை. நானும் கருவியைக் கழற்றி மாட்டினேன், கம்பியை மாற்றினேன், பெத்தேல் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் பேசிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முதலாளி ஹார்லன் டெக்சாஸ்காரர். சந்தேகம் வந்தால் விடமாட்டார். அவளுக்குக் கருவி பார்க்கத் தெரியவில்லை, கதை கட்டுகிறாள் என்று முடிவுகட்டினார். தானே கூட வருவதாகவும், கோளாறு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவளை விமானத்திலிருந்து இறக்கி ஆபீஸ் மேசையில் உட்காரவைப்பதாகவும் சொல்லிவிட்டார். என்னையும் ஏறச் சொன்னார்.

பாவம், அன்றைக்கு அவள் முகத்தில் ஈயாடவில்லை. பறக்காமல் போனால் அவள் என்ன ஆவாள்? நான் பின்னால் வாழைப்பழப் பெட்டிக்கும் முட்டை அட்டைக்கும் நடுவில் முடங்கிக் கிடந்தேன். கிளம்பும்போதே ஹார்லன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு அரட்டையெல்லாம் வேணாம். வாயை மூடிட்டு ஓட்டு."

மூடிக்கொண்டாள். வளைவு வந்தது, போனது. ஜி.பி.எஸ். குத்துக்கல்லாட்டம் இருந்தது. ஹார்லன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முட்டைகளைப் பார்த்தேன்.

இறங்கினால் ஓடுதளத்தில் ஈ காக்கை இல்லை. மற்ற விமானிகள் ஊர்க் கூரைகளுக்கு மேல் ஒரு வட்டம் அடிப்பார்கள். சத்தம் கேட்டு வசீலி கிளம்பி வருவார். அதற்குள் குளிரில் பழமெல்லாம் கறுத்துப்போகும். நஸ்தாசியா அப்படி விடமாட்டாள். வளைவிலேயே கம்பெனி அலைவரிசையில் மாமாவைக் கூப்பிட்டு, என்னென்ன வருகிறது, யாருக்கு வருகிறது, யார் வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் என்பதுவரை பேசிவிடுவாள். அதைக் கேட்கவே வசீலியின் சமையலறை வானொலியைச் சுற்றிப் பாதி ஊர் கூடியிருக்கும். அன்றைக்கு அவள் கூப்பிடவும் இல்லை, வட்டம் அடிக்கவும் இல்லை.

குளிரில் காத்திருந்து ஹார்லனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. உள்ளே ஏறி, மைக்கைப் பிடுங்கி, வசீலியைப் பிடிபிடியென்று பிடித்தார். அதோடு விட்டாரா?

"கேட்டுக்கோ வசீலி. உன் மருமக நாளையிலேருந்து பறக்கப்போறதில்ல. இனிமே அவளுக்கு ஆபீஸ்ல மேசை வேலைதான்."

ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்கிற விஷயமா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நஸ்தாசியா உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் இருந்த கருவிகளையே பார்த்தாள். அப்புறம் மெல்ல விரலை நீட்டினாள். ஜி.பி.எஸ். இருண்டு கிடந்தது.

நின்ற இடத்தில் நிற்கிற விமானம். வளைவும் இல்லை, ராணுவமும் இல்லை. ஹார்லன் மைக் பொத்தானை விட்டார். கொஞ்ச நேரத்தில் திரை விழித்துக்கொண்டது. மறுபடி அழுத்தி, "ஹலோ, ஹலோ" என்றார். மறுபடி போய்விட்டது. அவரும் விடாமல் ஹலோ ஹலோ என்று அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என்ன ஹார்லன், தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா?" என்றார் வசீலி, சமையலறையிலிருந்து. பின்னால் கூட்டம் சிரிப்பது கேட்டது.

விமானத்தின் கூரையில் ஏறிப் பார்த்தேன். பழைய வானொலியின் ஆன்டெனாவும் ஜி.பி.எஸ். ஆன்டெனாவும் ஒட்டிக்கொண்டு நின்றன. காதருகே ஒருத்தன் கத்தினால், தூரத்தில் இன்னொருத்தன் முணுமுணுப்பது கேட்குமா? ஜி.பி.எஸ். கேட்கவேண்டிய செயற்கைக்கோளின் குரல் அவ்வளவு மெலிசு. அதுவும் நஸ்தாசியா வளைவில் மாமாவோடு பேசுகிற கம்பெனி அலைவரிசையில் பேசினால்தான் இந்த வம்பு. கோபுரத்தின் அலைவரிசையில் இல்லை, அதனால்தான் என் சோதனையில் அது சிக்கவில்லை. ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, வானொலிக்கு ஒரு அலைவடிகட்டி போட்டால் சரியாகிவிடும். இறங்கிவந்து இதைச் சொன்னேன். தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்ததாகச் சொல்லி நஸ்தாசியா கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஹார்லன் தொண்டையைக் கனைத்தார். "சரி, சரி. நாளைக்குத் தபால நீயே கொண்டுபோ."

"என்கிட்ட சொன்னா எப்படி?" என்றாள் அவள். "ஊருக்கே கேக்கிற மாதிரிதானே என்னை இறக்கிவிட்டீங்க? அதே மாதிரி ஏத்திவிடுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் முட்டைகளைப் பார்க்கவில்லை. அவர் மைக்கை எடுத்து, பொத்தானை அழுத்தி, நஸ்தாசியா நாளைக்கும் பறப்பாள், அதற்கு மறுநாளும் பறப்பாள், கோளாறு விமானத்தில்தான், அவளிடம் இல்லை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

திரை அணைந்தது. இருண்ட அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் பேசுங்க ஹார்லன்" என்றாள் நஸ்தாசியா.